சீனியர் கிடைத்தாரா?

சிந்தாதிரிப்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை என்பது மீன் மார்க்கெட்டின் இரைச்சலோடு விடிந்து, அந்த இரைச்சல் அய்யா முதலித் தெரு வரையில் பரவி, திண்ணை இல்லாத குறைக்கு வாசற்படியில் அமர்ந்து காப்பி அருந்தும் என் போன்ற கிழவர்களின் செவியில் விழுந்து ஓய்வதற்குள் ஏறக்குறைய பத்து மணி ஆகிவிடுமாகையால், அந்த வேளையில் யாரேனும் மெல்லிய குரலில் எதையாவது கேட்டால் அது காதில் விழுவது அருமை. அப்படியும் சென்ற மாதத்து ஞாயிறு ஒன்றில் ஒரு கேள்வி விழுந்தது. கேட்டவள் எதிர் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண். மார்க்கெட்டில் மீன் விற்கும் தாய்க்கு மூத்த மகள். நகருக்கு வெளியே உள்ள ஒரு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். கையில் அச்சிட்ட தாள் ஒன்று இருந்தது.

"தாத்தா, உங்களுக்குத் தெரிஞ்ச வக்கீல் யாராச்சும் இருக்காங்களா? கேஸுக்கு இல்ல, எனக்கு."

வழக்கு இல்லாத ஒருவருக்கு வக்கீல் தேவைப்படுவது, வியாதி இல்லாதவர் வைத்தியரைத் தேடுவதைப் போலத்தானே என்று எண்ணிக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து அத்தாளை வாங்கிப் படித்தேன். விடுமுறையில் மாணவி பயிற்சி பெறவிருக்கும் வழக்கறிஞரின் பெயர், பார் கவுன்சிலில் அவர் பதிவு செய்துகொண்ட எண், அலுவலக விலாசம், அவருடைய சம்மதக் கடிதம் ஆகிய யாவும் குறித்த தேதிக்குள் கல்லூரிக்கு வந்து சேர வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. கட்டங்கள் நேர்த்தியாகவே போடப்பட்டிருந்தன. அந்தக் கட்டங்களில் எழுதுவதற்குரிய பெயரை எங்கே போய்த் தேடுவது என்பது மட்டும் அச்சிடப்படவில்லை.

சட்ட மாணவர்கள் செய்முறைப் பயிற்சிக்குப் பெயர் பதிவு செய்துகொள்ளும் முறையைப் பற்றி ஒரு வார இதழின் முகப்புக் கட்டுரையில் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். நாளைக்கு நம்முடைய வீட்டுப் பாகப்பிரிவினையையும், ஜீவனாம்சத்தையும், ஜாமீனையும் கையில் எடுத்துக்கொண்டு நீதிபதியின் முன் நிற்கப்போகிறவர், அதற்கு முன்பு நீதிமன்றத்தை ஒரு முறையாவது உள்ளே நின்று பார்த்தவரா, அல்லது பார்த்ததாக ரெக்கார்டு எழுதியவரா என்பது நம் எல்லோரையும் தொட்ட விஷயமாகையால் எழுத வேண்டியதாயிற்று.

முதலில் விதி சொல்வதைப் பார்ப்போம். இந்திய பார் கவுன்சில் 2008-இல் வகுத்த சட்டக் கல்வி விதிகளின்படி நான்கு செய்முறைத் தாள்கள் ஒவ்வொரு மாணவருக்கும் கட்டாயம். பிராது, எதிர்வாதம், மனு, பத்திரம் முதலியவற்றை எழுதிப் பழகுவது ஒன்று. தொழில் ஒழுக்கமும் கணக்கு முறையும் மற்றொன்று. நீதிமன்றத்துக்கு வெளியே தகராறுகளைத் தீர்க்கும் மார்க்கங்கள் மூன்றாவது. மாணவர்கள் 'மூட் கோர்ட்' என்று சொல்லும் மாதிரி வழக்காடலும், இன்டர்ன்ஷிப் என்னும் பயிற்சியும் சேர்ந்தது நான்காவது. எழுதிப் பழகும் தாளில், வழக்கு சம்பந்தமான வரைவுகள் பதினைந்து, பத்திரங்கள் பதினைந்து, ஒவ்வொன்றுக்கும் 3 மதிப்பெண், ஆக 90. மீதிப் 10 நேர்முகத் தேர்வுக்கு. நான்காவது தாளில் மாதிரி வழக்காடலுக்கு 30. உரிமையியல் வழக்கு ஒன்றையும் குற்றவியல் வழக்கு ஒன்றையும் நீதிமன்றத்தில் இருந்து கவனித்துக் குறிப்பெழுதுவதற்கு 30. கட்சிக்காரரிடம் வக்கீல் விவரம் கேட்பதையும், தாவா தயாராகித் தாக்கலாவதையும் பார்த்து நாட்குறிப்பு எழுதுவதற்கு 30. நேர்முகத் தேர்வுக்கு 10. இவை போக, ஐந்தாண்டுப் படிப்பினருக்கு 20 வாரமும் மூன்றாண்டுப் படிப்பினருக்கு 12 வாரமும் பயிற்சி குறையக் கூடாது. எந்த ஆண்டிலும் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் அது நீளவும் கூடாது. விசாரணை நீதிமன்ற, மேல்முறையீட்டு வழக்கறிஞர்களிடம் ஒரு முறையாவது இருந்திருக்க வேண்டும். உடையைக்கூட விதி விட்டுவைக்கவில்லை. கறுப்புக் கோட்டும் கறுப்பு டையும் சப்பாத்தும் சொல்லி, முழு உடைக்கு வழியில்லாத மாணவருக்கு வெள்ளைக் காற்சட்டையும் முழுக்கைச் சட்டையும் மூடிய சப்பாத்தும் போதும் என்று ஒரு சலுகையும் கொடுத்திருக்கிறது. அந்தச் சலுகையை எழுதியவர் ஏழை மாணவரை எங்கோ கண்ணால் கண்டவராகத்தான் இருக்க வேண்டும்.

இவ்வளவு பாரத்தையும் கல்லூரியின் தலையில் ஏற்றியது எப்படி என்பதற்குச் சிறிது சரித்திரம் சொல்ல வேண்டும். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம், பட்டம் பெற்றவர் தொழிலில் பிரவேசிக்குமுன் பயிற்சியும் பரீட்சையும் பெற வேண்டும் என்று முதலில் விதித்திருந்தது. 1973-இல் செய்த திருத்தத்தில் அந்த ஷரத்து நீக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, பட்டதாரிகள் மூத்தவரிடம் ஓராண்டு தொழில் பழகியாக வேண்டும் என்று பார் கவுன்சில் 1995-இல் விதி செய்தபோது, சட்டம் அளிக்காத அதிகாரத்தைக் கொண்டு அவ்விதி செய்யப்பட்டிருக்கிறது என்று கூறி, வி. சுதீர் வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. இதற்கிடையே 1997-இல் பார் கவுன்சில் அனுப்பிய சுற்றறிக்கை, நான்கு செய்முறைத் தாள்களை 1998–99 கல்வியாண்டு முதல் கல்லூரிகள் நடத்த வேண்டும் என்று பணித்தது. ஆகவே படிப்புக்குப் பின்பு இருந்த வாசல் அடைக்கப்பட்டு, படிப்புக்கு உள்ளேயே ஒரு சிறு வாசல் திறக்கப்பட்டது. பட்டம் பெற்ற பிறகு அகில இந்திய பார் தேர்வு ஒன்று இருக்கிறது. ஆனால் அது எழுத்துப் பரீட்சை. சாட்சிக் கூண்டில் நிற்பவரின் முகம் குறுக்கு விசாரணையில் எப்படி மாறும் என்பதை எந்த எழுத்துப் பரீட்சையும் கேட்பதில்லை.

இனி நம் பேட்டையிலிருந்தே இதைப் பார்க்கலாம். சிந்தாதிரிப்பேட்டை ரயில் நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறி வடக்கே போனால் அடுத்த நிலையம் பூங்கா நகர். அதையும் கடந்தால் கோட்டை. பூங்கா நகரில் இறங்கினால் அரசு பொது மருத்துவமனையும், அதனோடு ஒட்டி 1835 முதல் நடந்து வரும் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. அங்கே மாணவர் பாடம் கேட்ட அறையிலிருந்து எழுந்து சில நிமிஷம் நடந்தால் நோயாளியின் கட்டிலருகே நிற்கலாம். கோட்டை நிலையத்துக்கு அப்பால், 1892-இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கட்டடமும், அதன் அருகிலேயே ஹென்றி இர்வின் என்னும் அதே சிற்பியின் கைவண்ணத்தில் எழுந்த சட்டக் கல்லூரிக் கட்டடமும் நிற்கின்றன. நீதிமன்றத்துக்குள்ளேயே சட்டக் கல்லூரி, ஆஸ்பத்திரிக்குள்ளேயே மருத்துவக் கல்லூரி என்னும் இந்த ஏற்பாட்டை யார் யோசித்துச் செய்தார்களோ, யோசியாமல் தானாக அமைந்ததோ, நூறு வருஷத்துக்கு மேல் அது நின்றது. காலையில் வகுப்பு முடிந்த மாணவர் அந்த வளாகத்திலேயே நகர உரிமையியல் நீதிமன்றத்திலோ, செஷன்ஸ் நீதிமன்றத்திலோ, சிறு வழக்குகள் நீதிமன்றத்திலோ கடைசி பெஞ்சியில் போய் உட்கார முடிந்தது. அதற்குப் படிவமும் வேண்டியிருக்கவில்லை, சம்மதக் கடிதமும் வேண்டியிருக்கவில்லை.

1891-இல் தொடங்கி, பின்னர் டாக்டர் அம்பேத்கரின் பெயர் தாங்கிய அக்கல்லூரி 2018-இல் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் உள்ள புதுப்பாக்கத்துக்கும், மற்றொரு பாதி திருவள்ளூருக்கு அப்பால் உள்ள பட்டறைப்பெரும்புதூருக்கும் குடிபெயர்ந்தது. காரணங்கள் இல்லாமல் இல்லை. 2008 நவம்பரில் கல்லூரி வளாகத்துக்குள் மாணவர்களிடையே நடந்த கொடிய மோதலைத் தொலைக்காட்சியில் கண்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதை விசாரித்த நீதிபதி பி. சண்முகம் ஆணையம் கல்லூரியை இடம் மாற்றும்படி பரிந்துரைத்தது. மெட்ரோ ரயிலுக்காகப் பூமியைத் தோண்டியதில் பழைய கட்டடத்துக்கு ஏற்பட்ட சேதமும் சேர்ந்துகொண்டது. புதிய இடங்களில் விசாலம் உண்டு, காற்று உண்டு. மாணவர்கள் எதிர்த்துப் போராடியும் மாற்றம் நிகழ்ந்துவிட்டது. அந்த முடிவு சரியா தவறா என்று தீர்ப்பு எழுத நான் முன்வரவில்லை. ஆயினும் மருத்துவக் கல்லூரியை ஆஸ்பத்திரியிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்று ஒருவர் யோசனை சொல்லியிருந்தால் நாம் அதை எவ்வளவு நிதானமாகக் கேட்டிருப்போம் என்பதை மட்டும் நினைத்துப் பார்க்கிறேன். அருகில் இருந்தவரையில் தானாக நடந்துவந்த காரியம், தூரம் போன பிறகு, படிவமாகவும் கெடுத்தேதியாகவும் கையெழுத்தாகவும் மாறியிருக்கிறது. போதாக்குறைக்கு, கடற்கரை – எழும்பூர் நான்காவது பாதைக்காக 2023 ஆகஸ்டு முதல் 2024 அக்டோபர் வரையில் பறக்கும் ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றுவிட்டது. தெற்கே இருந்து நீதிமன்றம் செல்பவர்கள் இங்கே இறங்கிப் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் அலைந்த அந்த மாதங்களில், கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு நம் பேட்டைத் தெருக்களில் விரைந்த இளைஞர்களை நான் நாள்தோறும் கண்டிருக்கிறேன்.

சட்டக் கல்வியை மருத்துவக் கல்வியோடு ஒப்பிடும் யோசனை என்னுடையதன்று. அமெரிக்காவில் ஜெரோம் ஃபிராங்க் என்பவர் 1933-இலேயே, வைத்திய மாணவருக்கு ஆஸ்பத்திரி வார்டு இருப்பதைப் போலச் சட்ட மாணவருக்கும் ஒன்று ஏன் இருக்கக் கூடாது என்று கட்டுரை எழுதினார். 'கிளினிக்' என்னும் வைத்தியச் சொல் சட்டக் கல்வியில் வேரூன்றியது அந்த வழியில்தான். அவருக்கும் முன்பே, 1913-இல், ஹார்வர்டு மாணவர்கள் ஏழைகளுக்கு உதவத் தங்களுக்கென்று ஒரு சட்ட உதவி நிலையத்தைத் தொடங்கியிருந்தார்கள். இன்று அந்நாட்டில் பட்டம் பெற விரும்பும் ஒவ்வொரு மாணவரும் குறைந்தது ஆறு கிரெடிட் அளவுக்குச் செய்முறைப் படிப்பு படித்தாக வேண்டும். அங்கே பதிவு என்பது ஒரு பெரிய போட்டி. ஓர் ஆசிரியரின் மேற்பார்வையில் எட்டுப் பத்துப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்பதே பெரும்பாலும் வழக்கமாகையால், மாணவர்கள் தாங்கள் விரும்பும் கிளினிக்குகளை வரிசைப்படுத்தி விண்ணப்பிக்கிறார்கள். சிலவற்றுக்கு நேர்காணல், சிலவற்றுக்குக் குலுக்கல். இடம் கிடைத்தவர், மேற்பார்வை வழக்கறிஞர் அருகில் நிற்க, மாநில விதிகளின் அனுமதியோடு நீதிமன்றத்தில் வாயைத் திறந்து பேசவும் செய்கிறார்.

நம் நாட்டில் அது நடவாது. வழக்கறிஞர் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, பதிவு பெற்ற வழக்கறிஞரைத் தவிர வேறொருவர் தொழில் நடத்தலாகாது என்கிறது. 32-ஆம் பிரிவின்படி குறிப்பிட்ட ஒரு வழக்கில் நீதிமன்றம் விசேஷ அனுமதி தரலாம் என்றாலும் மாணவர்களுக்கு அது சாதாரணமாகக் கிடைக்கும் வரம் அன்று. ஆகவே நம் மாணவர் பார்ப்பவர், கேட்பவர், எழுதுபவர், பேசுபவர் அல்லர். வித்தியாசம் அதோடு நிற்கவில்லை. அங்கே மாணவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி, இடம் கிடைத்ததா என்பது. இடத்தைக் கொடுக்க வேண்டியது கல்லூரியின் பொறுப்பு. இங்கே கேட்டுக்கொள்ளும் கேள்வி, சீனியர் கிடைத்தாரா என்பது. அவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது பெரும்பாலும் மாணவரின் பொறுப்பு. எல்லோருக்கும் கட்டாயமாக்கப்பட்ட ஒன்றில் குலுக்கலுக்கும் நேர்காணலுக்கும் இடமில்லைதான். அதனாலேயே உண்மையான தேர்வு கல்லூரிக்கு வெளியே, யாருக்கு யாரைத் தெரியும் என்ற தராசில் நடக்கிறது.

அந்தத் தராசு மயிலாப்பூரில் ஒரு விதமாகவும் சிந்தாதிரிப்பேட்டையில் வேறு விதமாகவும் எடை போடும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மயிலாப்பூரின் பெரிய வீடுகளில், முன்கூடம் முழுவதும் தோல் அட்டைப் புத்தகங்கள் அடுக்கிய அலமாரிகள் நிற்க, காலையில் கட்சிக்காரர்களும் குமாஸ்தாக்களும் வந்து குழுமும் வராந்தாவில் விளையாடிக்கொண்டே ஒரு பிள்ளை சட்டத்தின் பரிபாஷையை, தாய்மொழியைக் கற்பது போல, கற்காமலே கற்றுக்கொண்டான். அவனுக்குப் பதிவுப் படிவம் தேவைப்படவில்லை; அவன் பிறந்ததே பதிவு. நம் பேட்டையோ 1734-இல் கவர்னர் பிட் காலத்தில், சுங்குராம செட்டியின் தோட்டமாக இருந்த நிலத்தில், கூவம் வளைந்தோடும் மடியில், நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய ஊர். சின்னத் தறிப் பேட்டை என்ற பெயரே மருவி இப்பெயராயிற்று என்பார்கள். தறிக்காரர் பிள்ளை தறியைக் கற்றதும் மயிலாப்பூர்ப் பிள்ளை சட்டத்தைக் கற்றதும் ஒரே விதத்தில்தான். பக்கத்தில் உட்கார்ந்து கற்றார்கள். ஆனால் தறிக்காரர் பிள்ளை சட்டத்தின் பக்கத்தில் போய் உட்கார வேண்டுமானால் யாராவது ஒருவர் பாயை விரிக்க வேண்டும். இந்தப் பாய் அடியோடு விரிக்கப்படவில்லை என்றும் சொல்லக் கூடாது. அயோத்தியாகுப்பத்து மீனவக் குடும்பத்தில் பிறந்து, அதே சட்டக் கல்லூரியில் படித்து வக்கீலான சிங்காரவேலர், 1921-இல் ஒத்துழையாமையின்போது தம் கவுனைத் தீயிலிட்டு, 1923-இல் இந்நகரில் மே தினம் கொண்டாடினார். நம் பேட்டையின் நேப்பியர் பூங்காவுக்கு மே தினப் பூங்கா என்று பெயர் மாறியிருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். ஆனால் ஒரு சிங்காரவேலரைக் காட்டி ஆயிரம் பேருக்குச் சமாதானம் சொல்வது நியாயம் ஆகாது.

சீனியர்களின் கட்சியையும் சொல்ல வேண்டும். ஆர்மேனியன் தெருவிலும் தம்புச் செட்டித் தெருவிலும் உள்ள சேம்பர்கள் பலவற்றில் மேஜைக்கும் அலமாரிக்கும் இடையே ஒருவர் ஒருக்களித்து நுழைய வேண்டியிருக்கிறது. உள்ள ஜூனியர்களுக்கே நாற்காலி இல்லை. அங்கே நான்கு வாரத்துக்கு வந்து போகும் மாணவரை எங்கே உட்கார வைப்பது, கட்சிக்காரர் தம் குடும்ப ரகசியத்தைச் சொல்லும்போது அவரை உள்ளே வைத்திருப்பதா வெளியே அனுப்புவதா, அவருக்கு எந்த வேலையைக் கொடுப்பது என்பவை மெய்யான சங்கடங்கள். ஆகையால் நல்ல மனம் படைத்த சீனியர்கூட, "வரவேண்டாம்மா, நாட்குறிப்பைக் கொண்டுவா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்று சொல்லிவிடுகிறார். அதைக் கருணை என்று அவர் கருதுகிறார். மாணவரும் அப்படியே கருதுகிறார். போன வருஷத்து ரெக்கார்டு ஒன்று கைமாறி வருகிறது. அதில் இருக்கும் வழக்கு எண்ணை மாற்றி, தேதியை மாற்றி, சாட்சியின் பெயரை மாற்றி, ஒரே விசாரணையைப் பலர் வெவ்வேறு நாட்களில் 'கவனித்து' விடுகிறார்கள். சட்டத்தைப் பயிலும் ஒருவர் முதன்முதலாகத் தயாரிக்கும் ஆவணம் பொய்யாவணமாக இருப்பதில் உள்ள கசப்பான நகைச்சுவையை அவர்கள் உணராமல் இல்லை, மதிப்பெண்ணுக்காக விழுங்கிவிடுகிறார்கள்.

இதற்குப் பரிகாரம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை என்பதுதான் விசேஷம். அதே 2008-ஆம் ஆண்டு விதிகளிலேயே, விடுமுறைக் காலத்தில் மாணவர்களை ஏற்றுக்கொள்ள இசையும், பத்தாண்டு அனுபவத்துக்குக் குறையாத வழக்கறிஞர்களின் பட்டியலை மாநில பார் கவுன்சில்கள் மாவட்டந்தோறும் தொகுக்க வேண்டும், இந்திய பார் கவுன்சில் அதை வெளியிட்டுக் கல்லூரிகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. இதைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மாணவர் சீனியரைத் தேடி அலைய வேண்டும் என்பது விதி அன்று. சீனியரின் பெயர் மாணவரின் கைக்கு வந்து சேர வேண்டும் என்பதே விதி. எதிர் வீட்டுப் பெண் கையில் கொண்டுவந்த தாளோடு அந்தப் பட்டியலும் இணைக்கப்பட்டிருந்தால் அவள் என் வாசற்படி ஏறியிருக்க வேண்டியதில்லை. "இப்படி ஒரு லிஸ்ட் இருக்கணும்னு ரூல் இருக்குதா தாத்தா?" என்று அவள் கேட்டாள். சட்டம் படிக்கிறவள் அவள், கேட்கப்படுகிறவன் நான்.

பட்டியல் வேண்டும், அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும், கல்லூரியின் பொறுப்பில் மாணவர்கள் அதிலிருந்து வரிசைப்படி ஒதுக்கப்பட வேண்டும், ஓர் அலுவலகத்துக்கு ஒரு வேளையில் இருவர் என்று வரம்பு வேண்டும். நான் கேட்பது இவ்வளவே. இதற்குக் காசு அதிகம் ஆகாது. அடையாற்றங்கரைப் பக்கம் பசுமைவழிச் சாலையில், பூம்பொழில் வளாகத்தில் இருந்து நடக்கும் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உண்டாகி, மாநிலத்தின் சட்டக் கல்லூரிகளைத் தன் குடையின்கீழ் வைத்திருக்கிறது. அங்கிருந்து ஒரு சொல் புறப்பட்டால் எல்லாக் கல்லூரிகளுக்கும் போய்ச் சேரும். அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலுக்கும் பறக்கும் ரயில்தான் வழி என்பதைப் பேட்டைக்காரன் என்ற பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

சட்ட உதவி கிளினிக்கைப் பற்றிச் சொல்லாவிட்டால் கட்டுரை முடமாகும். ஏழைக்கு நீதி எட்டும் வழியை ஆராய நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யரின் தலைமையில் கூடி, 1973-இல் அறிக்கை தந்த குழுவின் காலத்திலிருந்தே, அந்த வேலையில் சட்ட மாணவர்களுக்கும் பங்கு உண்டு என்ற கருத்து இருந்து வருகிறது. 1987-இல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9-ஆம் தேதி அமலுக்கு வந்த சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், பார் கவுன்சிலோடு கலந்து செய்முறைச் சட்டக் கல்வியை வளர்ப்பதையும் தேசிய ஆணைக்குழுவின் கடமைகளில் ஒன்றாக வைத்தது. ஒவ்வொரு கல்லூரியும் ஒரு சட்ட உதவி நிலையம் நடத்த வேண்டும், மூத்த ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் இறுதியாண்டு மாணவர்கள் அதை இயக்க வேண்டும் என்று பார் கவுன்சில் விதியும் சொல்கிறது. பல இடங்களில் அதன் பெயர்ப்பலகை பளபளப்பாக இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முகாம், ஒரு பேரணி, ஒரு புகைப்படம். ஆனால் தெரிந்த சீனியர் இல்லாத மாணவருக்கு இதில்தான் ஒரு நல்ல கதவு மறைந்திருக்கிறது. தேசிய ஆணைக்குழுவின் துணைச் சட்டத் தன்னார்வலர் திட்டத்தில், வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்ளும் வரையில் சட்ட மாணவர்களும் சேரலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பித்து, தேர்வாகி, பயிற்சி பெற்று, அடையாள அட்டையோடு மக்களிடம் போகலாம். அங்கே, கட்சிக்காரர் விவரம் சொல்வதை மாணவர் மூலையில் இருந்து வேடிக்கை பார்க்க வேண்டியதில்லை. தாமே கேட்கலாம், மனு எழுத உதவலாம்.

இதை அந்தப் பெண்ணிடம் சொல்லி, கூடவே ஒன்று கேட்டேன்: உன் அம்மாவுக்கு ஒரு வழக்கு வந்தால் அரசாங்கச் செலவில் வக்கீல் கிடைப்பாரா? வருமானத்தைப் பொறுத்தது என்றாள். இல்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், ஆதிதிராவிடர் பழங்குடியினருக்கும், சிறையில் இருப்பவர்களுக்கும், வேறு சிலருக்கும் வருமானத்தைக் கேளாமலே அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. 15100 என்ற தொலைபேசி எண்ணில் யாரும் கேட்கலாம். மீன் மார்க்கெட்டில் கூடை வைத்து உட்கார்ந்திருக்கும் அத்தனை பெண்களுக்கும் அந்த உரிமை உண்டு; அவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று போய்க் கேட்டு எழுதினாலே ஒரு நாட்குறிப்பு நிரம்பிவிடும். அவள் சிறிது நேரம் பேசாமல் நின்று, பிறகு அந்த எண்ணைத் தன் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

மூன்றாவது தாளான சமரசத்தைப் பற்றி இரண்டே வார்த்தை. 2005 ஏப்ரலில் நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையத்தை இந்தியாவில் முதன்முதல் தொடங்கிய பெருமை நம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. ஆனால் சமரசப் பேச்சு ரகசியமானதாகையால் மாணவர் அங்கே போய் உட்கார முடியாது. வகுப்பிலேயே இருவர் சண்டையிட ஒருவர் சமாதானம் செய்வதாக நடித்துப் பழகுவதுதான் வழி. நம் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தத் தாளில் அதிகக் கஷ்டம் இராது.

என் பழைய நண்பர் ஒருவரின் மருமகன் நகர உரிமையியல் நீதிமன்றத்தில் வக்கீலாக இருக்கிறார். நான் சொன்னேன், அவர் ஒப்புக்கொண்டார். தராசைக் குறை கூறிக்கொண்டே அந்தத் தராசில் நானும் ஒரு கல்லை வைத்தேன் என்பதை வாசகரிடம் மறைக்கவில்லை. ஆனால் நாட்குறிப்பில் கையெழுத்து மட்டும் போடக் கூடாது, அவள் வந்தே ஆக வேண்டும் என்று நிபந்தனை விதித்தேன். அடுத்த திங்கட்கிழமை அவள் வெள்ளைச் சுரிதாரும் இரவல் கறுப்புக் கோட்டுமாகப் பறக்கும் ரயில் ஏறிப் போனாள். 2015 முதல் உயர் நீதிமன்ற வளாகத்தைக் காத்து நிற்கும் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினரிடம் கல்லூரி அட்டையைக் காட்டி உள்ளே நுழைந்தாள்.

முதல் வாரத்து நாட்குறிப்பை எனக்குக் காட்டினாள். திங்கள், வாய்தா. செவ்வாய், சாட்சி வரவில்லை, வாய்தா. புதன், எதிர்த்தரப்பு வக்கீல் வேறு நீதிமன்றத்தில் இருந்ததால் பிற்பகலுக்குத் தள்ளி, பிற்பகலில் வாய்தா. "விசாரணையின் பல கட்டங்களையும் எழுதணும்னு போட்டிருக்கு, வாய்தாவுக்கு எத்தனை மார்க் தாத்தா?" என்றாள். நான்கு பேருடைய பழைய ரெக்கார்டுகளை அவள் பார்த்திருக்கிறாள். அவற்றில் ஒன்றிலாவது வாய்தா என்ற சொல்லே இல்லையாம். வியாழக்கிழமை ஒரு சாட்சி வந்தார். அரை மணி நேரம் குறுக்கு விசாரணை. வீட்டு வாடகை ரசீதில் உள்ள கையெழுத்து தம்முடையது அல்ல என்று மூன்று முறை மறுத்தவர், நான்காம் முறை வாளாவிருந்தார். அந்த மௌனத்தை நீதிபதி எப்படி எழுதச் சொன்னார் என்பதை அவள் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை சேம்பரில் வேலை. முப்பது வருஷம் அனுபவப்பட்ட குமாஸ்தா ஒருவர், தாக்கல் செய்ய வேண்டிய கட்டைப் பக்கம் எண்ணி, கோர்ட் கட்டணம் சரிபார்த்து, ஊசியையும் வெள்ளை நூலையும் அவள் கையில் கொடுத்துத் தைக்கச் சொல்லியிருக்கிறார். அவள் ஊசியின் காதில் நூலை நுழைக்கத் தெரியாமல் விழித்திருக்கிறாள்.

"எந்த ஊரும்மா?"

"சிந்தாதிரிப்பேட்டை சார்."

"தறிப் பேட்டைப் பொண்ணுக்கு நூல் கோக்கத் தெரியலையா? கொண்டா இப்படி" என்று வாங்கி, நூல் நுனியை நாக்கில் ஈரப்படுத்திக் கோத்து, மறுபடி அவள் கையிலேயே கொடுத்தாராம்.